கம்பி வழியே போகும் கோலம்: பலர் பகிரும் யூனிக்ஸ் கணினியும் வரைகலை முனையங்களும்

கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் ஓடும் சாளரத்தை இன்று எல்லோரும் ‘டெர்மினல்’ என்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்து நம் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ‘ஷெல்’ நிரலையும் சிலர் அதே பெயரால் அழைக்கிறார்கள். 1970களின் ஆய்வகப் புகைப்படம் ஒன்றில் திரையும் விசைப்பலகையுமாக ஒரு பெட்டி நின்றால், ‘அந்தக் காலத்துக் கணினி’ என்று கீழே எழுதிவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு. அந்தப் பெட்டி கணினியே இல்லை. கணினி வேறோர் அறையில், சில சமயம் வேறோர் ஊரில் இருந்தது.

எழுத்து மட்டும் காட்டும் பெட்டி என்றால் இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டமில்லை. படம் காட்டும் பெட்டி, அதாவது வரைகலை முனையம், என்று வரும்போதுதான் தடுமாற்றம் முற்றுகிறது. படத்தை வரைவது யார்? ஒரே கணினியை இருபது பேர் பகிர்ந்துகொண்டால், இருபது பேருக்கும் தனித்தனிப் படம் எப்படிக் கிடைக்கிறது? ‘எக்ஸ் சர்வர்’ என்ற சொல் ஏன் தலைகீழாகத் தோன்றுகிறது? இவற்றைப் பிரித்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும். படம் எங்கே தங்குகிறது? கம்பியில் என்ன போகிறது? கட்டுரை முழுக்க இந்த இரண்டையும்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்.

## ஒரு வீரர், இருபது மேசைகள்

செஸ் வீரர் ஒருவர் ஒரே நேரத்தில் இருபது பேரோடு ஆடும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். மேசைகள் வளையமாகப் போடப்பட்டிருக்கும். வீரர் ஒரு மேசை முன் நின்று ஒரு காயை நகர்த்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவர் ஒரு சுற்று சுற்றி வரும்போதும் எதிராளி யோசித்துக்கொண்டுதான் இருப்பார். அதனால் காத்திருப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

நேரப் பகிர்வு என்பது இதுதான். கணினியின் செயலி ஒரு பயனரின் வேலையை ஒரு நொடியின் சிறு துண்டுக்குச் செய்கிறது. பிறகு அடுத்தவரிடம் தாவுகிறது. நாம் தட்டச்சு செய்யும் வேகம் அதற்கு ஆமை நடை. ஆகவே கணினி முழுக்கத் தனக்கே என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு வேலை செய்யலாம். நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இந்த முறையில்தான் வளர்ந்தது. 1970களில் அது ஓடிய பி.டி.பி.-11 போன்ற கணினிகளை ஒரே ஆளுக்கென்று வாங்கிக் கொடுக்க எந்தத் துறையிடமும் பணமில்லை.

இங்கே முனையம் என்பது செஸ் மேசை. விசை அழுத்தத்தைக் கணினிக்கு அனுப்புவதும், கணினி அனுப்புவதைக் காட்டுவதும் மட்டுமே அதன் வேலை. சிந்தனை எதுவும் அதற்குள் நடப்பதில்லை. முதலில் வந்தவற்றுக்குத் திரைகூடக் கிடையாது. டெலிடைப் 33 என்ற தட்டச்சு இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துகளைக் கடகடவென்று காகிதத்தில் அடித்தது. யூனிக்ஸில் முனையத்தை இன்றும் ‘டி.டி.ஒய்.’ என்று குறிப்பது அந்த டெலிடைப்பின் நினைவுதான். 1978இல் வந்த வி.டி.100 போன்ற திரை முனையங்கள் காகிதத்தைக் கண்ணாடியாக மாற்றின; உறவு மாறவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். யூனிக்ஸ் ஒவ்வொரு முனையத்தையும் ஒரு கோப்பாகவே பார்க்கிறது. அந்தக் கோப்பில் எழுதினால் எழுத்து திரையில் தோன்றும். அதைப் படித்தால் விசைப்பலகையில் அழுத்தியது கிடைக்கும். கோப்பு என்றால் உரிமையாளர் உண்டு, அனுமதிகளும் உண்டு. படம் வரையும்போது இது எங்கே வந்து இடிக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. தாம்சன் யூனிக்ஸை முதலில் எழுதிப் பார்த்தது, யாரும் அதிகம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பி.டி.பி.-7இல். நல்ல வரைகலைத் திரை கொண்ட அந்த இயந்திரம் முழுவதுமே ஒரு பெரிய கணினிக்கு வரைகலை முனையமாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. முனையமாக இருந்த ஒன்றில் பிறந்த இயங்குதளம், பிற்பாடு எத்தனையோ முனையங்களைக் கட்டி மேய்த்தது.

இதுவரை: கணினி ஒன்று, முனையங்கள் பல. கணக்கெல்லாம் கணினியில். முனையம் காட்டும், கேட்கும். நடுவில் ஒரு கம்பி.

## தொலைபேசியில் கோலம் சொல்வது

அக்கா சென்னையில், தங்கை மதுரையில். அக்கா போட்ட கோலத்தைத் தங்கை தன் வாசலிலும் போட வேண்டும். கையில் இருப்பது சாதாரணத் தொலைபேசி. கோலத்தின் ஒவ்வொரு மாவுத் துகளும் எங்கே விழுந்திருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ‘பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை. முதல் வரிசை மூன்றாம் புள்ளியிலிருந்து இரண்டாம் வரிசை நான்காம் புள்ளிக்கு ஒரு கோடு’ என்றுதான் சொல்வார். மாவும் வாசலும் தங்கையிடம் இருக்கின்றன. தொலைபேசியில் போவது உத்தரவு மட்டுமே.

வரைகலை முனையத்தின் அடிப்படை முழுக்க இதில் அடங்கிவிடுகிறது. ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால், கம்பியின் வேகத்தைப் பாருங்கள்.

அக்காலத்து முனையக் கம்பியில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள் பத்து, செலவாகும்: எட்டு பிட் சரக்கு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று அடையாளத்துக்கு. தொலைபேசி மோடம் வழியே நொடிக்கு 300 பிட், அதாவது 30 எழுத்து. கட்டடத்துக்குள்ளேயே இழுத்த நல்ல கம்பியில் 9600 பிட், அதாவது 960 எழுத்து. இப்போது 1024க்கு 780 புள்ளிகள் கொண்ட ஒரு திரை. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா இல்லையா என்று சொல்ல ஒரு பிட் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ எட்டு லட்சம் பிட். சுமார் ஒரு லட்சம் எழுத்துகள். 9600 வேகக் கம்பியில் அது போய்ச் சேர 104 நொடி ஆகும். மோடத்தில் ஐம்பத்தைந்து நிமிடம்! ஒரு வரைபடம் பார்க்க ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, வரைதாளையும் பென்சிலையும் எடுத்துக் கையால் போட்டுவிடலாம்.

அதையே ‘இங்கிருந்து அங்கே கோடு இழு’ என்று சொன்னால் ஒரு கோட்டுக்கு ஒன்பது எழுத்து போதும். நூறு புள்ளிகளைத் தொடுத்துச் செல்லும் வளைகோடு மோடத்தில் பதின்மூன்று, பதினான்கு நொடியில் முடிந்துவிடும். வேகக் கம்பியில் அரை நொடிகூட ஆகாது. இப்படிக் கோடுகளின் தொடக்கமும் முடிவுமாகப் படத்தைச் சொல்வதைத் திசையன் முறை என்கிறோம். புள்ளி புள்ளியாகச் சொல்வது புள்ளிப்பட முறை. கம்பி மெதுவாக இருந்த காலத்தில் திசையன் முறை வென்றதில் வியப்பில்லை.

## ஞாபகசக்தி உள்ள கண்ணாடி

உத்தரவு வந்து சேர்ந்துவிட்டது; முனையம் கோட்டை இழுத்துவிட்டது. அந்தக் கோடு எங்கே தங்கும்?

சாதாரணப் படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிடும். படம் நிலைக்க வேண்டுமானால் நொடிக்குப் பல முறை மறுபடி மறுபடி வரைய வேண்டும். அதற்கு, எதை வரைய வேண்டும் என்பதை முனையம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அவ்வளவு நினைவகம் வாங்குவது கட்டுப்படியாகாத செலவு.

ஆரகன் மாநிலத்தின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஆசிலாஸ்கோப் என்ற, மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. வந்து மறையும் அலையைத் திரையிலேயே பிடித்துவைக்கும் குழாய் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து முனையத்துக்குள் வைத்தார்கள். 1972இல் 4010 வந்தது. பிறகு பத்தொன்பது அங்குலத் திரையுடன் 4014.

சேமிப்புக் குழாய் எனப்படும் இதில் இரண்டு வகை எலெக்ட்ரான் பாய்ச்சல் உண்டு. ஒன்று கூர்மையான எழுதும் கற்றை. மற்றது திரை முழுவதும் மெலிதாகப் பொழிந்துகொண்டே இருக்கும் தூறல். எழுதும் கற்றை பட்ட இடத்தில் எலெக்ட்ரான்கள் தெறித்து வெளியேறுவதால் அந்த இடம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. அங்கே தூறல் வலுவாக இழுக்கப்பட்டு, மோதி, ஒளியையும் மின்னூட்டத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. எழுதாத இடத்தில் தூறல் வலுவில்லாமல் விழுவதால் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. ஒரு முறை வரைந்தால் போதும். படத்தைக் கண்ணாடியே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நம் முதல் கேள்விக்கு இந்த முனையம் தரும் பதில்: படம் இருப்பது கணினியிலும் இல்லை, நினைவகத்திலும் இல்லை; பச்சை நிறப் பாஸ்பர் பூச்சிலேயே இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஈர மாவில் இழைத்த கோலம் காய்ந்த பிறகு ஓர் இழையை மட்டும் எடுக்க முடியுமா? ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மொத்தமாகத்தான் கழுவ வேண்டும். சேமிப்புக் குழாயும் அப்படியே. ஒரு கோட்டை மட்டும் அழிக்க வழியில்லை. அழி என்றால் திரை முழுவதும் பச்சையாக ஒரு பளிச்சிடல், பிறகு வெறுமை. எழுத்து வரிகள்கூட மேலே நகர்ந்து இடம் விடாது. பக்கம் நிரம்பினால் புது வரிகள் பழைய வரிகளின் மேலேயே ஏறி உட்காரும். அதற்காகவே விசைப்பலகையில் ‘பேஜ்’ என்று ஒரு விசை இருந்தது. அசையும் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் வேண்டியது நிலையான வரைபடம்; அதை இது துல்லியமாக, நடுக்கமில்லாமல் கொடுத்தது. என் கணிப்பில், குறையை மறைக்கப் பார்க்காமல் அதற்கேற்ப வேலை முறையை அமைத்துக்கொண்ட நேர்மையான கருவி இது.

## நான்கு எழுத்தில் ஒரு புள்ளி

இப்போது இரண்டாவது கேள்வி. கம்பியில் போவது சரியாக என்ன?

கம்பிக்கு எழுத்துகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே கோட்டையும் எழுத்தாகவே மாற்ற வேண்டும். முதலில், ‘இனி வருவது எழுத்தல்ல, இடக்குறிப்பு’ என்று முனையத்துக்கு அறிவிக்க ஒரு கட்டுப்பாட்டு எழுத்து. அச்சில் வராமல் கருவிக்கு உத்தரவாக மட்டும் அமையும் எழுத்துக்குத்தான் இந்தப் பெயர். 4010இல் அதன் எண் 29. அது வந்தவுடன் முனையம் வரைநிலைக்கு மாறும். 31 வந்தால் மறுபடி எழுத்துநிலை.

நடுவில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எழுத்துகள். ஓர் ஆயத்தொலை, அதாவது குறுக்காகவோ நெடுக்காகவோ எத்தனையாவது புள்ளி என்ற எண், 0 முதல் 1023 வரை இருக்கலாம். அதை முப்பத்திரண்டால் வகுத்து, ஈவு ஓர் எழுத்தாகவும் மீதி ஓர் எழுத்தாகவும் அனுப்பப்படும். ஏறக்குறையத் திரையின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வோம்: குறுக்கே 512, நெடுக்கே 390. 390ஐ வகுத்தால் ஈவு 12, மீதி 6. 512ஐ வகுத்தால் ஈவு 16, மீதி 0. ஒவ்வொன்றோடும் ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் 44, 102, 48, 64 கிடைக்கும். விசைப்பலகை மொழியில் சொன்னால், ஒரு காற்புள்ளி, ஒரு சிறிய ‘எஃப்’, ஒரு பூஜ்யம், ஒரு ‘@’. இவ்வளவுதான் திரையின் மையம்!

கூட்டும் எண்களைத் தேர்ந்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எந்த ஆயத்தொலையும் 32க்குக் கீழே உள்ள கட்டுப்பாட்டு எழுத்தாக மாறிவிடாது. வழியில் இருக்கும் கணினி நிரல் எதுவும் அதை ‘வரி முடிந்தது’ என்றோ ‘நிறுத்து’ என்றோ தவறாகப் புரிந்துகொள்ளாது. கடைசி எழுத்து வந்தவுடன் கோடு இழுக்கப்படும். முந்தைய புள்ளியோடு ஒப்பிட்டு மாறாத எழுத்துகள் சிலவற்றை விட்டுவிடலாம். முனையம் பழையதை நினைவில் வைத்திருக்கும். மெதுவான கம்பியில் ஒவ்வோர் எழுத்தும் காசுதானே.

இங்கே சுருக்கமாக: கம்பியில் போனது எழுத்துகள். அவற்றுக்கு எழுத்து என்று பொருளா, இடம் என்று பொருளா என்பதை முனையம் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தீர்மானித்தது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் விபத்துகள் எல்லாம் இதிலிருந்துதான்.

## யூனிக்ஸ் செய்த உபகாரம்

ஒவ்வொரு நிறுவனத்தின் முனையமும் ஒவ்வொரு பாஷை பேசியது. நிரல் எழுதுகிறவர் எல்லாப் பாஷையும் படிக்க வேண்டுமா? 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருந்தது. நிரல்கள் எந்த முனையத்துக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுக் குறிப்பில் படத்தை எழுதும். ‘எம்’ என்றால் இடம் மாறு, ‘எல்’ என்றால் கோடு, ‘சி’ என்றால் வட்டம், ‘இ’ என்றால் அழி. ‘பிளாட்’ என்ற கட்டளை அந்தக் குறிப்பை வாங்கி, நாம் பெயர் சொல்லும் முனையத்தின் பாஷைக்கு மாற்றித் தரும். 4014 என்றால் திரைக்கு. 300, 450 என்றால் நுணுக்கமாக நகர்ந்து புள்ளி குத்தும் அச்சு முனையங்களுக்கு.

யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகத் திருப்பிவிடும் வசதிக்குக் குழாய் என்று பெயர்; அதன் குறி ஒரு செங்குத்துக் கோடு. ஆய்வாளர் ஒருவரின் கையில் எண்கள் நிறைந்த கோப்பு இருந்தால், ‘ஸ்பிளைன்’ நிரல் புள்ளிகளுக்கு இடையே வழவழப்பான வளைவைக் கணக்கிடும். ‘கிராஃப்’ நிரல் அச்சுகளும் அளவுகளும் போட்டுப் பொதுக் குறிப்பாக்கும். ‘பிளாட்’ திரைக்கு அனுப்பும். மூன்றையும் ஒரே வரியில் கோத்துவிடலாம். பொதுக் குறிப்பைக் கோப்பில் சேமித்துவைத்து மறுநாள் வேறு மேசையில், வேறு வகை முனையத்தில் வரைந்து பார்க்கவும் முடியும். வரைபவரையும் வரைபொருளையும் பிரித்துவைத்த இந்த ஏற்பாடு யூனிக்ஸின் மற்றப் புகழ்பெற்ற அம்சங்களுக்கு நடுவே அதிகம் பேசப்படாதது எனக்கு ஒரு குறைதான்.

## பக்கத்து மேசையிலிருந்து ஒரு வணக்கம்

கணினி பலருடையது என்பதை மறந்துவிட வேண்டாம். ஒருவர் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். பாதி முடிந்திருக்கிறது. அதே நேரத்தில் பக்கத்து அறை நண்பர் ‘ரைட்’ கட்டளையால் ‘சாப்பிடப் போகலாமா?’ என்று கேட்டு அனுப்புகிறார். முனையம் ஒரு கோப்பு என்று சொன்னோம் அல்லவா? அனுமதி திறந்திருந்தால் எவரும் அதில் எழுதலாம்.

என்ன நடக்கும்? செய்தியோடு வரும் வரிமுடிவுக் குறி முனையத்தை வரைநிலையிலிருந்து எழுத்துநிலைக்குத் தள்ளிவிடும். சாப்பாட்டு அழைப்பு படத்தின் மேலேயே அச்சாகும். அதோடு முடியாது. மிச்சப் படத்தின் ஆயத்தொலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. முனையம் இப்போது எழுத்துநிலையில் இருப்பதால் அவை காற்புள்ளியும் ‘எஃப்’பும் பூஜ்யமுமாகத் திரையில் கொட்டும். சேமிப்புக் குழாயில் அவற்றை மட்டும் அழிக்கவும் முடியாது. மொத்தத்தையும் கழுவிவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதுதான். இதைத் தவிர்க்க, வரையத் தொடங்குமுன் ‘மெஸ்க்’ கட்டளைக்கு ‘என்’ என்று கொடுத்து, தன் முனையக் கோப்பில் பிறர் எழுதும் அனுமதியை மூடிவிட வேண்டும். வரைகலைக்கும் கோப்பு அனுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எதிர்த்திசையிலும் சிக்கல் வரும். 4010இல் திரைமேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகளைத் தோன்றச் செய்து, சக்கரங்களைத் திருப்பி அவை வெட்டும் இடத்தை நகர்த்தி, ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தின் ஆயத்தொலை கணினிக்குப் போகும். அதுவும் எழுத்துகளாகத்தான் போகும். பழைய யூனிக்ஸில் ‘#’ என்பது ‘முந்தைய எழுத்தை அழி’ என்று பொருள்படும் திருத்தக் குறி. முனையம் அனுப்பும் இடக்குறிப்பில் ‘#’ வர வாய்ப்புண்டு. திரையின் சில பகுதிகளைக் குறித்தால் மட்டும் இடம் பிசகும். மற்ற இடங்களில் ஒழுங்காக வேலை செய்யும். காரணம் தெரியாதவருக்குப் பேய் பிடித்த கருவியாகத்தான் தோன்றும். எழுத்துகளைத் திருத்தாமல் வந்தபடியே கொடு என்று முனையத்தின் அமைப்பை ‘எஸ்.டி.டி.ஒய்.’ கட்டளையால் மாற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பச்சைநிலை என்பது அதன் பெயர்: சமைக்காதது என்ற பொருளில், நிறத்தைக் குறித்து அல்ல.

சுமை விஷயம் சுருக்கமாக. முனையங்களைக் கணினியோடு இணைத்த மின்சுற்றுப் பலகைகளில் டி.இசட்.11 போன்றவை ஒவ்வோர் எழுத்து போவதற்கும் செயலியைத் தட்டி எழுப்பும். ஒருவர் வேகக் கம்பியில் பெரிய படம் வரைந்தால் நொடிக்கு 960 முறை செயலியின் தோளைத் தட்டுகிறார் என்று பொருள். நிரல் தொகுக்கக் காத்திருக்கும் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆட்கள் நிறைந்த பிற்பகலில் படம் விட்டு விட்டு வரையப்படும். ஒரு கோடு, ஓர் இடைவெளி, நாலு கோடு. அதைப் பார்த்து முனையம் பழுது என்று நினைத்தவர்கள் அடுத்த மேசையில் செஸ் வீரர் நிற்பதை மறந்தவர்கள்.

## முனையத்துக்குள் ஒரு மூளை

நினைவகம் மலிவாக மலிவாக, நம் முதல் கேள்விக்கான பதில் மாறியது. பெல் ஆய்வகத்தில் ராப் பைக், பார்ட் லோகாந்தி இருவரும் 1982இல் ‘பிளிட்’ என்ற முனையத்தை உருவாக்கினார்கள். 800க்கு 1024 புள்ளிகள் கொண்ட உயரமான பச்சைத் திரை, மோட்டோரோலா 68000 செயலி, 256 கிலோபைட் நினைவகம். அந்த நினைவகத்தில் நூறு கிலோபைட் திரைப் படத்துக்கே போய்விடும். படம் இப்போது நினைவகத்தில் புள்ளிகளாக இருப்பதால் ஒரு பகுதியை அழிக்கலாம், நகர்த்தலாம், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாளரங்களை அடுக்கலாம்.

கம்பி மட்டும் பழைய மெதுவான கம்பிதான். அதைச் சமாளித்த விதம்தான் அழகு. மின்சாரம் கொடுத்தவுடன் பிளிட் ஒரு சாதாரண எழுத்து முனையம்போல நடந்துகொள்ளும். பயனர் உள்நுழைந்து ஒரு கட்டளை கொடுத்தால், யூனிக்ஸ் கணினி சிறு நிரல் ஒன்றைக் கம்பி வழியே முனையத்துக்குள் இறக்கும். அதன்பின் சாளரங்களை நகர்த்துவது, சுட்டியைத் தொடர்வது எல்லாம் முனையத்தின் வேலை. பெரிய கணினிக்குத் தொந்தரவில்லை. ஒரே கம்பியில் எல்லாச் சாளரங்களின் பேச்சும், எது எதற்கு உரியது என்ற முகவரியோடு, மாறி மாறிப் போகும். தங்கைக்கு இனி ஒவ்வொரு கோடாகச் சொல்ல வேண்டியதில்லை. கோலம் போடும் கலையையே ஒரு முறை கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

## சர்வர் எந்தப் பக்கம்?

1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் ‘எக்ஸ்’ சாளர முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். 1987 செப்டம்பரில் வந்த அதன் பதினோராம் வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது கணினிகளை வலைப்பின்னலாக இணைக்கும் ஈதர்நெட் கம்பியின் காலம்: நொடிக்கு ஒரு கோடி பிட், பழைய முனையக் கம்பியைவிட ஆயிரம் மடங்கு. 1980களின் இறுதியில் ‘எக்ஸ் முனையம்’ என்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. திரை, சுட்டி, விசைப்பலகை, வலைப்பின்னல் இணைப்பு. பயனரின் நிரல்களெல்லாம் வேறிடத்தில் உள்ள யூனிக்ஸ் கணினியில்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எக்ஸ் முறையில் சர்வர் என்பது உங்கள் மேசைமேல் இருக்கும் முனையத்தில் ஓடும் நிரல். தொலைவில் உள்ள பெரிய கணினியில் ஓடும் வரைபட நிரலும் கடிகார நிரலும் அதன் வாடிக்கையாளர்கள். பெரிய கணினிதான் எப்போதும் சர்வர் என்று பழகியவர்கள் இது தலைகீழ் என்று சண்டைக்கு வருவார்கள். நம் ஊர் ஓட்டலை நினைத்துப் பாருங்கள். சர்வர் யார்? உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பவர். சமையல் உள்ளே நடக்கிறது. (உவமை இதற்கு மேல் நீளாது, இங்கே சாம்பார் கேட்பது நீங்கள் அல்ல, சமையலறை.)

சொல்லைச் சரியாகப் பிரித்தால் குழப்பமே இல்லை. பலர் கேட்டு வரும் ஒரு பொருளைக் காத்து, முறைப்படி பங்கிட்டுக் கொடுப்பது சர்வர். இங்கே பலர் போட்டியிடும் பொருள் உங்கள் திரை. இருபது நிரல்கள் அதில் வரையத் துடிக்கின்றன. யாருக்கு எந்த மூலை, எந்த விசை அழுத்தம் யாருக்குச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் திரைக்கு அருகில் உள்ள நிரல்.

ஒரு நிரல் எந்தத் திரையில் வரைய வேண்டும் என்பதை ‘டிஸ்ப்ளே’ என்ற மாறியில், அதாவது பெயரிட்ட ஒரு சிறு குறிப்பில், எழுதிவைக்கிறோம்: முனையத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு பூஜ்யம். அதை மறந்தாலோ தவறாக எழுதினாலோ ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்ற செய்தி வரும். பக்கத்து மேசையின் பெயரை எழுதி, அங்கே அனுமதியும் திறந்திருந்தால், உங்கள் சாளரம் அவர் திரையில் போய் முளைக்கும். ‘எக்ஸ்ஹோஸ்ட்’ கட்டளைக்கு வெறும் கூட்டல் குறி கொடுத்து எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்தவர்கள் வரையவிட்டது மட்டுமில்லை. தட்டும் விசைகளைப் பிறர் ஒட்டுக்கேட்கவும் வழிவிட்டார்கள். பழைய ‘மெஸ்க்’ பாடத்தின் மறுபதிப்பு.

கம்பியில் போவது இங்கேயும் பெரும்பாலும் உத்தரவுதான்: இந்தச் செவ்வகத்தை நிரப்பு, இந்த எழுத்தை இங்கே போடு. பிற்கால நிரல்கள் எழுத்தின் விளிம்பை மெருகேற்றி, நிழல் சேர்த்து, தாங்களே முழுப் படமாகத் தீட்டிப் புள்ளிகளாக அனுப்பத் தொடங்கின. தொலைவிலிருந்து எக்ஸ் நிரல்களை இயக்கினால் இன்று ஊர்ந்து நகர்வதற்கு முக்கியக் காரணம் அது. அக்கா மறுபடி மாவுத் துகள்களை எண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

## இன்றும் உள்ளே இருக்கிறது

எக்ஸ் முறையோடு வந்த ‘எக்ஸ்டெர்ம்’ ஒரு முனையப் போலி. அதாவது ஒரு பழைய முனையத்தைப்போல நடந்துகொள்ளும் நிரல். இன்று நாம் திறக்கும் கறுப்புச் சாளரங்கள் எல்லாம் இந்த வகைதான். எக்ஸ்டெர்ம் இரண்டு முனையங்களைப்போல நடிக்கத் தெரிந்தது. ஒன்று வி.டி. குடும்பத்து எழுத்து முனையம். இன்னொன்று டெக்ட்ரானிக்ஸ் 4014. அது வெறும் எழுத்துச் சாளரம் என்று நினைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள், எப்போதாவது ஒரு படக் கோப்பையோ இயங்கு நிரலையோ தவறிப்போய் அதில் கொட்டும்போது, சம்பந்தமில்லாமல் இரண்டாவது சாளரம் ஒன்று திறந்து கோடுகள் பாய்வதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். கோப்பில் தற்செயலாக இருந்த பைட்டுகள், ‘வரைநிலைக்கு மாறு’ என்ற உத்தரவாகிவிடுகின்றன. சாப்பாட்டு அழைப்பு வரைபடத்தைக் கெடுத்த அதே கதை, திசை மாறி.

1986இல் முதன்முதலில் வெளிவந்த க்னூபிளாட் வரைபட நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் வேலையைத் தொடங்குமுன் ‘செட் டெர்மினல்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். அதன்பின் பி.என்.ஜி., பி.டி.எஃப். என்று கோப்பு வகைகளின் பெயர் வரும். கோப்புக்கு ஏன் டெர்மினல் என்று பெயர் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ‘ஹெல்ப் டெர்மினல்’ என்று தட்டி, வருகிற நீண்ட பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போகச் சொல்வேன். பழைய நிறுவல்களில், நவீனப் பெயர்களுக்கு நடுவே, ‘டெக்40எக்ஸ்எக்ஸ்’ என்று ஒன்று இருக்கும்.